முடி சூட்டிய கைகள்



மலருக்குக் கட்டுரை கேட்ட குழுவினர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். ஹாஸ்டல் சாம்பார், மெஸ் பில், வார்டனிடம் மாட்டிய கதை எதுவும் கூடாதாம். அவற்றை எழுத ஏற்கெனவே பெரிய க்யூ நிற்கிறதாம்! "நீதான் சரித்திரப் புஸ்தகம் படிக்கிற ஆளாச்சே, அதுல ஏதாவது எழுதேன்" என்றார்கள். நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ப்ராஜெக்ட் ப்ளானிங் பார்க்கிறவன். எந்த வேலைக்கு எத்தனை நாள், யார் பொறுப்பு, எது தாமதமானால் எது நின்றுபோகும் என்று சார்ட் போடுவதுதான் பிழைப்பு. அதனால் சரித்திரம் படித்தாலும் ராஜா எப்படி இருந்தார் என்பதைவிட, பந்தலை யார் போட்டார்கள், எத்தனை நாளில் போட்டார்கள் என்பதிலேயே என் கண் போய் நிற்கும்.

அப்படி என் கண் போய் நின்ற ஒரு முடிசூட்டு விழாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நடந்த இடம் மைசூர். நாள் 1799 ஜூன் 30. முடி சூடியவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். வயது இன்னும் ஐந்து நிரம்பவில்லை.

'சித்தேரி மலைக்காரனுக்கும் மைசூர் பட்டாபிஷேகத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, சொல்கிறேன்.

பட்டம் கட்டுவது என்றால்...

முதலில் நம் பக்கத்து வழக்கத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இன்று கல்லூரியில் 'பட்டம்' வாங்குகிறோம். அந்தச் சொல் அரசர்களிடமிருந்து வந்தது. நெற்றியில் கட்டும் பொன்தகடுதான் பட்டம். அதைக் கட்டிக்கொண்டவர் அரசர். அவர் மனைவியரில் மூத்தவர் பட்டத்தரசி. அவர் ஏறும் யானை பட்டத்து யானை. கொங்கு நாட்டில் 'பட்டக்காரர்' என்ற பெயரும் இதே வழியில் வந்ததுதான். ஆக, பட்டம் என்பது ஒருவர் தானாக எடுத்து வைத்துக்கொள்வதல்ல. இன்னொருவர் கட்டிவிட வேண்டும். எல்லா விஷயமும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

முடிசூட்டுக்கு வேண்டியவை ஒரு பெரிய பட்டியல். நாள் பார்க்க வேண்டும். புண்ணிய நதிகளின் நீர் வர வேண்டும். அத்திமரப் பீடம், ஹோமம், வெண்கொற்றக் குடை, சாமரம், உடைவாள், முரசு, யானை, குதிரை என்று நீண்டுகொண்டே போகும். பொருளைச் சேர்த்துவிடலாம். சிரமமான வேலை அதற்கு அடுத்தது: எந்தப் பொருள் யார் கையில் இருக்க வேண்டும் என்பது!

கம்பர் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். இராமன் முடி சூடும் கட்டத்தில் அவர் ஒரு டியூட்டி சார்ட்டே போட்டுவிடுகிறார். அரியணைக்கு அனுமன், வாளுக்கு அங்கதன், குடைக்குப் பரதன், கவரிக்கு மற்ற இரண்டு தம்பிகள். முடியை எடுத்துக் கொடுக்கிறவர்கள் யார் என்றால், தம்மை ஆதரித்த வெண்ணெய்நல்லூர்ச் சடையப்பரின் முன்னோர்கள். வாங்கிச் சூட்டுகிறவர் வசிட்டர். நன்றிக்கடனைத் தீர்க்கக் கம்பருக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்! முடியைத் தொடும் கை எவ்வளவு பெரிய கௌரவம் என்பது அவருக்குத் தெரியும்.

இது கவிதையில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் ஒவ்வொரு முடிசூட்டுக்கு முன்னும், எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பணி உரிமை என்று தீர்த்துவைப்பதற்கே ஓர் ஏற்பாடு உண்டு. வாள் ஏந்துவது யார், கையுறை கொடுப்பது யார் என்று பரம்பரை பரம்பரையாக விண்ணப்பம் போடுவார்கள். 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸ் முடி சூடியபோதுகூட இதற்கென்று தனி அலுவலகம் வைத்துத்தான் விண்ணப்பங்களைப் பரிசீலித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் எங்கள் மலைத் திருவிழாவில் தீப்பந்தம் பிடிப்பது எந்த வீடு, முதல் தண்ணீர்க்குடம் எந்த வீடு, மேளக்காரர்களுக்குச் சோறு போடுவது எந்த வீடு என்று வருஷா வருஷம் நடக்கிற பஞ்சாயத்தைப் பார்த்தவன் சிரிக்க மாட்டான். 'முறை' என்று நாங்கள் சொல்வதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

57 நாள்

இப்போது 1799-க்கு வருவோம்.

மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் கோட்டை வாயிலருகே போரிட்டு மடிந்தார். ஜூன் 30-ம் தேதி மைசூரில் முடிசூட்டு. இடையில் 57 நாள்! இதை வேறொன்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் எலிசபெத் 1952 பிப்ரவரி 6-ல் அரசியானார். முடிசூட்டு நடந்தது 1953 ஜூன் 2-ல். ஏறக்குறைய 16 மாதம் ஏற்பாடு செய்தார்கள். அதுவும் ஊர் இருந்தது, தேவாலயம் இருந்தது, கிரீடம் பெட்டியில் பத்திரமாக இருந்தது. மைசூரில் என்ன இருந்தது?

ஊரே இல்லை. பழைய மைசூர்க் கோட்டையையும் நகரத்தையும் திப்பு இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு பக்கத்தில் நஜர்பாத் கட்டத் தொடங்கியிருந்தார். அரண்மனை இல்லை. அரச குடும்பம் இருந்த நிலையோ அதைவிட மோசம். 1796-ல் சாமராஜ உடையார் இறந்தபிறகு திப்பு அடுத்த ராஜாவை நியமிக்கவே இல்லை. குடும்பத்தை அரண்மனையிலிருந்து வெளியேற்றி ஒரு சாதாரண வீட்டில் வைத்துவிட்டார். கமிஷன்காரர்கள் போய்ப் பார்த்தபோது அந்தக் குழந்தை வறுமையில் இருந்தது.

சரி, வேலைகளை வரிசைப்படுத்துவோம். முதல் வேலை, மைசூரை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு இதற்காக ஒரு கமிஷன் அமைத்தார். ஜெனரல் ஹாரிஸ், ஆர்தர் வெல்லெஸ்லி, ஹென்றி வெல்லெஸ்லி, கர்க்பாட்ரிக், பாரி குளோஸ் ஆகிய ஐந்து பேர் உறுப்பினர்கள். செயலாளர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜான் மால்கம். மற்றவர் யார் தெரியுமா? நம் தர்மபுரி மன்றோ! தாமஸ் மன்றோ!

சம்பந்தம் உண்டு என்றேனே, அது இங்கே தொடங்குகிறது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனி வசம் வந்தது. அதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவராக மன்றோ தர்மபுரியில் ஏழு ஆண்டு இருந்தார். வயல் வயலாக அளந்து, குடியானவன் பெயரிலேயே வரி போடும் ரயத்துவாரி முறை வளர்ந்தது இந்த மண்ணில்தான். தர்மபுரியில் தான் வைத்திருந்த தோட்டத்தைப் பற்றி மன்றோ தம் சகோதரிக்குப் பாசத்தோடு கடிதம் எழுதியிருக்கிறார். பின்னாளில் சென்னை கவர்னராகி, இன்று தீவுத்திடல் அருகே சேணம் இல்லாத குதிரையில் சிலையாக உட்கார்ந்திருப்பவரும் அவரே.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. 1799 போரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படைக்குச் சாப்பாட்டுக் கவலை பெரிதாக இருந்தது. பாராமகாலில் தானியமும் மாடும் திரட்டி மேலே கொண்டுபோகும் பொறுப்பு ரீடுக்குத் தரப்பட்டது. மன்றோவும் அந்தப் படையோடு போனவர். மூட்டை சுமந்தவை பிரிஞ்சாரிகளின் பொதிமாடுகள். பிரிஞ்சாரி என்று வெள்ளைக்காரர் எழுதியது லம்பாடி மக்களைத்தான். நம் மாவட்டத்தில் லம்பாடித் தண்டாக்கள் இன்றும் இருக்கின்றன. ராஜாவைப் பட்டத்தில் உட்காரவைத்த வரலாற்றில் இந்த மாடுகளை ஓட்டிப்போனவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்காது. ஆனால் தானியம் போகாமல் முற்றுகை இல்லை. முற்றுகை இல்லாமல் முடிசூட்டு இல்லை. எங்கள் தொழிலில் இதை 'கிரிட்டிக்கல் பாத்' என்போம்.

இரண்டு அரியணைகள்

இரண்டாவது வேலை அரியணை. அப்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இரண்டு அரியணைகள் இருந்தன.

ஒன்று திப்புவினுடையது. எட்டுப் பட்டையாக மரத்தில் செய்து பொன்தகடு வேய்ந்தது. கீழே பெரிய புலித்தலை. சுற்றிலும் மணிகள் பதித்த சிறு புலித்தலைகள். மேலே ஹூமா என்ற கற்பனைப் பறவை. வெற்றிப் படைக்குக் கொள்ளைப் பங்கு பிரிக்கும் குழுவினர் இதை உடைத்துத் துண்டு துண்டாகப் பங்கு போட்டுவிட்டார்கள். முழுசாகக் கிடைத்திருந்தால் இங்கிலாந்து மன்னருக்கு அனுப்பியிருக்கலாமே என்று வெல்லெஸ்லி பிரபுவே வருத்தப்பட்டார். ஹூமாவும் பெரிய புலித்தலையும் இன்று விண்ட்சர் அரண்மனைச் சேகரிப்பில் இருக்கின்றன.

மற்றொன்று உடையார்களின் பழைய சிங்காதனம். அத்திமரத்தில் தந்தம் இழைத்து, பின்னர் பொன் வேய்ந்தது என்பார்கள். அது திப்புவின் அரண்மனையில் தட்டுமுட்டுச் சாமான் அறை ஒன்றில் கிடந்தது என்றும், எடுத்துத் துடைத்து முடிசூட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்றும் மைசூர் மரபு சொல்கிறது. தசராவில் மக்கள் பார்க்கும் சிங்காதனத்தின் கதை இதுதான்.

ஒரே ஊரில், ஒரே கோடையில், ஒரு சிங்காதனம் சுத்தியலுக்குப் போனது. இன்னொன்று தூசி தட்டப்பட்டது. இரண்டையும் செய்தது ஒரே அதிகாரம்.

யார் கை?

மூன்றாவது வேலை இடம். நகரம் இடிந்து கிடந்ததால் லக்ஷ்மிரமண சுவாமி கோயிலருகே பந்தல் போட்டார்கள். ஒரு நாட்டின் ராஜாவுக்குப் பந்தலில் முடிசூட்டு! கல்லூரி விழாவுக்கு முந்தின ராத்திரி பந்தல்காரரோடு மல்லுக்கட்டிய பழைய மாணவர்களுக்கு அந்த ஏற்பாட்டுக்காரர்களின் மனநிலை நன்றாகப் புரியும்.

முகூர்த்தம் குறித்தாயிற்று. ஜூன் 30. குழந்தையைக் கூட்டிவந்தார்கள். சாஸ்திரப்படி செய்ய வேண்டியதைப் புரோகிதர்கள் செய்தார்கள். அரியணையில் உட்காரவைக்கும் நேரம் வந்தது. அப்போது குழந்தையின் ஒரு கையைப் பிடித்தவர் கம்பெனிப் படையின் தளபதி ஹாரிஸ். இன்னொரு கையைப் பிடித்தவர் ஹைதராபாத் நிஜாமின் பிரதிநிதி மீர் ஆலம். இருவருமாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். துப்பாக்கிகள் மூன்று முறை முழங்கின. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைப் பீரங்கிகள் ராஜ மரியாதை செலுத்தின.

கம்பரின் சார்ட்டை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே அரியணையைச் சுற்றி நின்றவர்கள் தம்பிகளும் தோழர்களும். இங்கே இரண்டு கைகளையும் பிடித்தவர்கள் வெற்றி பெற்ற இரண்டு கூட்டாளிகள். மறுபடி உடையார் ஆட்சி வர வேண்டும் என்று பல ஆண்டு பாடுபட்டவர் மூத்த ராணி லக்ஷ்மம்மண்ணி. ஹைதர் காலத்திலேயே, 1782-ல், அவர் சார்பில் திருமலராவ் தஞ்சாவூரில் கம்பெனியோடு ஒப்பந்தம் பேசினார். அந்த அம்மையாருக்கு அன்று கிடைத்தது பார்வையாளர் இடம்தான். திருமலராவுக்குத் திவான் பதவியும் கிடைக்கவில்லை. அது திப்புவிடம் நிதி பார்த்த பூர்ணையாவுக்குப் போயிற்று. பூர்ணையா கெட்டிக்காரர், ஐயமில்லை. ஆட்சி மாறியும் கணக்கு அறிந்தவர் ஒருவர் கம்பெனிக்கு வேண்டியிருந்தது.

சரி, நாட்டைக் கம்பெனியே எடுத்துக்கொண்டிருக்கலாமே? எடுத்தால் நிஜாமுக்குச் சரிபாதி தர வேண்டும்; மராட்டியருக்கும் கோபம் வரும். தங்கள் சொல் கேட்கும் ஒரு குழந்தை ராஜாவாக இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். 1806-ல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது உங்களுக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், செயலாளர் மன்றோவுக்கே இந்த முடிசூட்டில் உடன்பாடு இல்லை. தன் கையில் இருந்திருந்தால் மைசூருக்கு ராஜாவே வைத்திருக்க மாட்டேன் என்றும், மறந்துபோன ஒரு குடும்பத்துக் குழந்தையை இழுத்துவந்து அரியணையில் வைத்திருக்கிறார்கள் என்றும் பின்னர் கடிதத்தில் எழுதினார். நாட்டை முழுக்கப் பங்கு போட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனாலும் காகித வேலை அத்தனையும் ஒழுங்காக முடித்துக் கொடுத்தார். மனசுக்கு ஒப்பாத ட்ராயிங்கிலும் கையெழுத்துப் போட்டு வேலையை முடிக்கும் இன்ஜினியர்கள் நம்மிலும் உண்டல்லவா!

முடிக்குள் இருந்த ஷரத்து

நம் ஊர்க் கல்யாணங்களில் முதலில் சீர் பேசி முடித்துவிட்டுத்தான் தாலி கட்டுவார்கள். இங்கேயும் அப்படித்தான். ஜூன் 22-ல் கம்பெனியும் நிஜாமும் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். எட்டு நாள் கழித்து முடிசூட்டு. அதற்கும் எட்டு நாள் கழித்து, ஜூலை 8-ல், புது ராஜாவோடு துணைப்படை ஒப்பந்தம். ஆண்டுக்கு 7 லட்சம் பகோடா கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு ஆபத்து வரும்போல் தோன்றினால் நாட்டையே கம்பெனி எடுத்து நிர்வகிக்கலாம் என்று ஒரு ஷரத்து. ஐந்து வயதுகூட ஆகாத குழந்தை அதைப் படித்திருக்குமா?

ஷரத்து சும்மா இருக்கவில்லை. நகர் பகுதியில் குடியானவர்கள் கிளர்ந்ததைத் தொடர்ந்து 1831-ல் அதைக் காட்டியே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்போது கிருஷ்ணராஜ உடையாருக்கு வயது 37. திரும்பக் கேட்டுக் கேட்டு 37 ஆண்டுகள் எழுதினார். 1868-ல் இறக்கும்வரை கிடைக்கவில்லை. 1881-ல்தான் அவருடைய வளர்ப்பு மகன் சாமராஜேந்திர உடையாரிடம் நாடு திரும்பியது. முடி தலையிலேயே இருந்தது. ஆட்சி மட்டும் ஐம்பது ஆண்டு வேறு கையில்.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மைசூர் ராஜாவுக்குத் திரும்பியது. ஆனால் 1792-ல் போன பாராமகால் திரும்பவில்லை. 1799-ல் கூடுதலாக ஓசூர்ப் பகுதியும் கம்பெனியிடம் வந்தது. பாலாகாட் என்று அதைச் சேலம் மாவட்டத்தோடு சேர்த்தார்கள். 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இன்று அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம், இந்தப் பக்கம் தமிழ்நாடு என்கிறோமே, அந்தக் கோட்டின் பூர்வீகம் அந்த ஜூன் மாதத்து மேஜையில் இருக்கிறது.

சித்தேரி எந்தப் பக்கம் என்று அந்த மேஜையில் யாரும் எங்களைக் கேட்கவில்லை. மலையில் சாமை விதைத்து, காஞ்சியிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று கதை சொல்லிக்கொண்டிருந்த மக்களுக்கு, ராஜா மாறிய செய்தி எந்த மாதம் வந்ததோ! வரி வாங்க வந்த ஆள் மாறியபோதுதான் தெரிந்திருக்கும்.

தம்பி தங்கைகளே, மைசூரில் 2015 மே 28-லும் ஒரு பட்டாபிஷேகம் நடந்தது. யதுவீர் உடையாருக்கு அரண்மனைக்குள் எல்லாச் சடங்கும் முறையாக நடந்தன. 1971-லேயே அரசியல் சட்டத் திருத்தம் ராஜ மானியத்தை எடுத்துவிட்டதால் அதில் எந்த ஷரத்தும் இல்லை. குடும்ப விழா, அவ்வளவுதான். அதைப் பார்த்து ரசிக்கலாம், தவறில்லை. ஆனால் நீங்கள் வேலைக்குப் போனதும் பெரிய மேடைகள் பலவற்றைப் பார்ப்பீர்கள். ஒருவருக்கு மாலை விழும், ஒருவர் நாற்காலியில் உட்காரவைக்கப்படுவார், கைதட்டுவோம். அப்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நாற்காலிக்குக் கூட்டிப்போகிற கைகள் யாருடையவை? எட்டு நாள் முன்னும் எட்டு நாள் பின்னும் எந்தக் காகிதத்தில் கையெழுத்தாகிறது? பொதிமாடு ஓட்டியவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

உங்கள் தலையிலும் ஒருநாள் ஏதாவது ஒரு முடி வந்து உட்காரும். நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு அது கட்டாயம் வரும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அன்றைக்கு ஷரத்தை முழுக்கப் படித்துவிட்டுத் தலையை நீட்டுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!